மேஸ்திரி வீடு மாறிய கதை

ஊரில் பாதிப் பேரின் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மேஸ்திரிக்குத் தெரியும். தெரிந்தும் வெளியே மூச்சு விடாத மனிதர். முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுச் சாமான்களைக் கட்டி, லாரியில் ஏற்றி, இன்னொரு வீட்டில் இறக்கி வைப்பதுதான் அவருக்குத் தொழில். மாடிப்படி திரும்புகிற இடத்தில் பீரோவை எவ்வளவு சாய்த்தால் சுவரில் கீறல் விழாமல் இறங்கும் என்பதைக் கண்ணாலேயே அளந்துவிடுவார். யாராவது அளவு நாடாவை எடுத்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "முகத்துல ரெண்டு கண்ணு எதுக்குய்யா இருக்கு?" என்பார்.

தொழிலில் அவர் விட்டுக்கொடுக்காத பழக்கங்கள் இரண்டு உண்டு. முதலாவது, சாமான் கட்டுகிற நாளில் வீட்டு ஆட்கள் வீட்டில் இருக்கக் கூடாது. "நீங்க எல்லாரும் காலையிலேயே கிளம்பிடுங்க. நீங்க இருந்தா வேலை நடக்காது. ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு கதை சொல்வீங்க" என்று முன்பே கறாராகச் சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை ஒரு நீதிபதியையே குடும்பத்தோடு பூங்காவுக்கு அனுப்பிவைத்த ஆள் அவர்.

இரண்டாவது, லாரி நிறைந்த பிறகு காலி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவது. ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காம். உண்மை அதுவல்ல. காலி வீடு அவருக்குப் பிடிக்கும். படங்கள் மாட்டியிருந்த இடமெல்லாம் சுவரில் வெளிறிய சதுரங்களாகத் தெரியும். குழந்தைகளின் உயரத்தைக் கதவோரத்தில் பென்சிலால் குறித்திருப்பார்கள். ஜன்னல் வெளிச்சம் தடுக்க ஆளில்லாமல் அறைக்கு அறை போய்வரும். அந்தக் கால் மணி நேரம் மேஸ்திரி நடப்பதுபோலவே இருக்காது. தண்ணீருக்கு அடியில் மெல்லப் போகிற மாதிரி இருக்கும். லாரிக்காரர் கீழேயிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் நினைவு திரும்பும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு அப்படி ஒரு சுற்றில்தான் அது கிடைத்தது. சமையலறை மூலையில், ஃபிரிட்ஜ் நின்றிருந்த இடத்தில், யாரோ பழைய கோணிப்பையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தார். கிட்டப் போனால் பை மூச்சு விட்டது. பழுப்பு நிறத்தில் ஒரு நாய். கட்டிப்போடவில்லை, கதவும் திறந்தே கிடந்தது. ஆனாலும் அது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. குரைக்கவில்லை, திரும்பவும் இல்லை. இனித் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது என்பதுபோல இருந்தது அதன் முதுகு.

வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டார். "அது அந்த வீட்டுக்குப் பழகினதுங்க. புது எடம் அதுக்குச் சரிப்படாது. தெருவுல யாராவது சாப்பாடு போடுவாங்க" என்று பதில் வந்தது. அன்று காலை கிளம்புவதற்கு முன் இதே அம்மாதான் ஐந்து மீன்கள் இருந்த தொட்டியைத் தண்ணீர் அலுங்காமல் மூன்று பேர் தாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று நின்றவர். மேஸ்திரிக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் தொழில் போயிருக்கும். போனை வைத்துவிட்டு, பீரோவில் கீறல் படாமல் சுற்றுகிற கம்பளியில் நாயைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்போது மகளுக்கு ஏழு வயது. "இது என்னப்பா?" என்றாள்.

"எல்லாத்தையும் ஏத்தின பிறகு இது மீதி இருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு அதன் பெயர் மீதி.

அவருடைய மனைவி, பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பவர். கறாரான பெண்மணி. "நமக்கே இங்க கால் நீட்ட எடமில்ல. ரெண்டே நாள், அதுக்கு மேல ஒரு மணி நேரம்கூடக் கிடையாது" என்றார். மூன்றாம் நாள் நீலமும் சாம்பலுமாகச் சீருடைத் துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு மெத்தை ஒன்று தைத்துக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

பிறகு வந்த வருஷங்களை மேஸ்திரியிடம் கேட்டால் நீளமான ஒரே பிற்பகலைப்போலத்தான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலோரம், மெத்தையில் மீதி, மீதியின் வயிற்றில் தலை வைத்து மகள், அவள் கையில் பாதி படித்த புத்தகம். வெயில் நகர நகர மெத்தையையும் நகர்த்திக்கொள்வார்கள். மகள் பெரியவளானாள், பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு வேலைக்குப் போனாள். மீதியின் மூக்கோரம் நரைத்தது. அந்தப் பிற்பகல் மட்டும் முடியாமல் இருந்தது.

வீடு இரண்டாவது மாடி. முப்பத்துநாலு படி. போன வருஷம் மீதிக்குப் பின்னங்கால் பலம் குறைந்துவிட்டது. சமதளத்தில் தட்டுத்தடுமாறி நடக்கும், படி ஏறாது. காலையிலும் மாலையிலும் மேஸ்திரிதான் தூக்கிக்கொண்டு இறங்கி, தூக்கிக்கொண்டு ஏறினார். இருபத்திரண்டு கிலோ. பீரோவுக்கெல்லாம் அசராத முதுகு இதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக மக்கர் பண்ணியது. ஒருநாள் படி திரும்புகிற இடத்தில் முட்டி மடங்கி, நாயோடு சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார்.

மனைவி மேலேயிருந்து பார்த்துவிட்டார். "போதும். கீழ்வீடா பாருங்க" என்றார்.

பார்த்தார்கள். இருபது நிமிட நடைதூரத்தில், வாசலில் ஒரே ஒரு படி, பின்னால் கொஞ்சம் மண் தரை, அதில் ஒரு கொய்யா மரம். மீதிக்குப் பிடிக்கும் என்றாள் மகள். பழைய வீட்டுக்கு அடுத்த ஆட்களும் தயாராக இருந்தார்கள். மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஆக, வீடு மாறுவதே மீதிக்காகத்தான். இதை மீதியிடம் யார் சொல்வது?

மேஸ்திரிக்குத் தன் வீடும் ஒரு வீடுதான். மாதம் பிறந்ததுமே அட்டைப்பெட்டிகளோடு தன் ஆட்களைக் கூட்டிவந்தார். பழக்கம் விடுமா? மனைவியையும் மகளையும் காலையிலேயே மனைவியின் தங்கை வீட்டுக்குத் துரத்திவிட்டார். மீதியை என்ன செய்வது என்று மகள் கேட்டதற்கு, "உடையற பொருளைக் கடைசியாத்தான் எடுக்கணும்" என்றார், ஏதோ பெரிய யோசனை சொல்லிவிட்டவர்போல.

பாத்திரங்கள் பெட்டிக்குள் போயின. படங்கள் சுவரைவிட்டு இறங்கின. பதினோரு மணிக்கு ஒட்டுகிற டேப் தீர்ந்துபோய் அவர் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினார். சமையலறை மூலையில் மீதி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

மேஸ்திரியின் கையிலிருந்த டேப் உருண்டு போயிற்று. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு பார்த்த அதே முதுகு. ஓடவில்லை, ஊளையிடவில்லை, யாருடைய காலையும் கட்டிக்கொள்ளவில்லை. இவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று தானாகவே ஒதுங்கிக்கொண்டதுபோல உட்கார்ந்திருந்தது. "அடியேய், உனக்காகத்தான்டி இதெல்லாம்" என்று அதன் முன்னால் மண்டியிட்டுச் சொல்லிப் பார்த்தார். அது அவர் முகத்தைப் பார்க்க மறுத்தது.

மனைவியும் மகளும் ஓடிவந்தார்கள். பெட்டிகளையெல்லாம் பிரித்துச் சாமான்களை இருந்த இடத்திலேயே வைத்தாயிற்று. அப்படியும் இரண்டு நாள் மீதி வாயில் எதையும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் மகள் விரலில் தொட்டுக் கொடுத்த பாலை நக்கியது. கால்நடை மருத்துவர் அதன் நெஞ்சில் குழலை வெகுநேரம் வைத்துக் கேட்டார். "வயசான இதயம். இன்னொரு தடவை இப்படிப் பட்டினி கெடந்தா தாங்காது" என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னது நல்லதாயிற்று.

அன்று முடிவெடுத்தார்கள். பெட்டி வேண்டாம், லாரி வேண்டாம். நாய்க்குத் தெரியாமல் வீட்டை மாற்றிவிடுவது. தினமும் மாலையில் மீதியை நடக்கக் கூட்டிப்போகும்போது ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கொள்வது. ஒருநாள் ஒரு குக்கர், மேஜை விளக்கு, நாலு தலையணை. மறுநாள் கண்ணாடி, முக்காலி, கடிகாரம். முப்பது வருஷமாக மூன்று மணி நேரத்தில் வீட்டைக் காலி செய்து பேர் வாங்கிய மேஸ்திரி, இடுப்பில் ஒரு குடத்தையும் தோளில் ஒரு துடைப்பத்தையும் வைத்துக்கொண்டு நொண்டி நாய்க்குப் பின்னால் ஊர்வலம் போனார்.

தெரு மூக்கின்மேல் விரலை வைத்தது. லாரிக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, இந்த வேகத்துல போனா பீரோவைக் கதவு தனியா, தாழ்ப்பாள் தனியா கழட்டித்தான் கொண்டுபோகணும்" என்றார்.

"உன் வேலையைப் பாருய்யா" என்றார் மேஸ்திரி.

உண்மையில் அந்த மாலைகள் அவருக்குப் பிடித்திருந்தன. மீதி ஒவ்வொரு மரத்தையும் விசாரித்துக்கொண்டு வரும். அது நிற்கும் இடமெல்லாம் மகள் கையிலிருக்கும் முக்காலியை நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்துகொள்வாள். மனைவி தூக்கி வந்த கண்ணாடியில் வானமும் மின்கம்பியும் பறவைகளும் ஆடி ஆடிக் கூடவே வந்தன. வீடு மாறுகிறோமா, வீட்டைக் கனவில் சுமந்துகொண்டு போகிறோமா என்றே அவருக்குச் சில சமயம் சந்தேகம் வந்தது.

ஆனால் புது வீட்டு வாசலோடு கனவு நின்றுவிடும். அந்த ஒரே ஒரு படிக்கு வெளியே மீதி உட்கார்ந்துவிடும். கூப்பிட்டால் வராது. தூக்கி உள்ளே விட்டால், பின்னங்காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடி அதே இடத்தில் உட்காரும். அதன் மெத்தையையே உள்ளே கொண்டுபோய் விரித்தும் பார்த்தார்கள். மோந்துகூடப் பார்க்கவில்லை. இப்படியே பதினெட்டு மாலைகள். மாதம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் அப்படியே நின்றன. அவற்றை இடுப்பில் வைத்துக்கொண்டு போக முடியாது. லாரி வரத்தான் வேண்டும். லாரி வந்தால் மீதி மூலைக்குப் போகும். மூலைக்குப் போனால் மறுபடி பட்டினிதான்.

அன்று மேஸ்திரிக்கு முதுகுவலி. மீதியைக் கீழே இறக்கி விட்டதோடு, "நீங்க போயிட்டு வாங்க" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்தே நிமிஷத்தில் மூவரும் திரும்பி வந்தார்கள்.

"என்னாச்சு?"

"வரமாட்டேங்குதுப்பா. பத்தடி நடக்குது, நிக்குது. எங்க ரெண்டு பேரையும் பாக்குது, அப்புறம் பின்னாடி தெருவைப் பாக்குது. திரும்பவும் பத்தடி." மகள் கையிலிருந்த பாத்திர அடுக்கைக் கீழே வைத்தாள். "அப்பா, அது சாமானைப் பாக்கவே இல்ல. நம்மள எண்ணுது."

"என்ன எண்ணுது?"

"மூணு பேர் இருக்கோமான்னு. அன்னைக்குப் பெட்டியைப் பாத்துப் பயந்துச்சுன்னுதானே நெனைச்சோம்? பெட்டி மட்டும் இல்லப்பா. தினம் வேலைக்குப் போனா திரும்பி வந்துடுவோம்னு அதுக்குத் தெரியும். பெட்டி வந்த அன்னைக்கு என்னையும் அம்மாவையும் நீங்கதானே வெளிய அனுப்புனீங்க? அப்புறம் டேப் வாங்க நீங்களும் போயிட்டீங்க."

மேஸ்திரிக்கோ சாமான், சாமான் என்று பார்த்தே பழகிய கண். ஒரு வீடு காலியாவது என்றால் அவருக்குப் பீரோ போவது, கட்டில் போவது. மீதிக்கு அப்படியில்லை. அதைப் பொறுத்தவரை ஆட்கள் போனால்தான் வீடு காலி. தன் சட்டத்தைத் தன் வீட்டிலேயே பிரயோகித்து, அந்த நாயை இன்னொரு முறை அனாதையாக்கிவிட்டோம் என்பது அவருக்குச் சுருக்கென்று உறைத்தது. "என்ன மாதிரி மடையன் உலகத்துல உண்டா?" என்றார். மனைவி மறுத்துப் பேசவில்லை. புது வீட்டு வாசலில் அது ஏன் உட்காருகிறது என்பது மட்டும் இன்னும் முழுசாகப் புரியவில்லை. தன்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு மூவரும் போய்விடுவார்கள் என்று பயந்ததோ என்னவோ.

மாதக் கடைசி நாள் காலை லாரி வந்தது. மேஸ்திரி வழக்கமான வேலைச் சட்டையில் இல்லை. லாரிக்காரரிடம் புது வீட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"இன்னைக்கு நீதான் பாத்துக்கணும். நாங்க மூணு பேரும் கூடத்துல உக்காந்திருப்போம்."

"வீட்டு ஆளுங்க இருந்தா வேலை நடக்காதுன்னு சொல்ற ஆளு நீங்கதானே?" என்றார் லாரிக்காரர்.

"நான் சொன்னதெல்லாம் நீ கேட்டியா? இதை மட்டும் கேக்க வந்துட்ட."

மூவரும் கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்கள். நடுவில் மீதி. ஆட்கள் அவர்கள் கால்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். முதலில் கட்டில் போயிற்று. மீதி கட்டிலைப் பார்த்தது, பிறகு மூன்று முகங்களையும் பார்த்தது. பிறகு ஃபிரிட்ஜ். மறுபடி மூன்று முகங்கள். பீரோ படி திரும்புகிற இடத்தில் சுவரைக் கர்ரென்று கிழிக்கிற சத்தம் கேட்டது. மேஸ்திரி பாதி எழுந்துவிட்டார். மனைவி அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்க."

"இடப்பக்கம் சாய்க்கணும்மா, அவனுக்குத் தெரியாது…"

"சுவர்தானே. உக்காருங்க."

உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நடுப்பகலுக்குள் எல்லாம் போய்விட்டது. கீழே லாரி கிளம்புகிற சத்தம் கேட்டதும் மீதி எழுந்து நின்றது. அடுத்து என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியும். செருப்பு மாட்டுகிற சத்தம், கதவு, படியில் காலடிகள், அப்புறம் ஒன்றுமில்லை. வெறுமையான அந்தக் கூடத்தில் நின்று, மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. மகள் அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். அம்மா சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெளிச்சம் ஜன்னலிலிருந்து இறங்கித் தரையில் நீளமாகப் படுத்தது.

"போகலடி. எங்கயும் போகல. பாத்தியா, இங்கதான இருக்கோம்" என்றார் மேஸ்திரி மீதியிடம்.

மீதி வெகுநேரம் நின்றது. பிறகு அவர் பாதத்தின்மேல் முகவாயை வைத்துப் படுத்தது. அதன் மூச்சு அவர் கால்விரல்களில் சூடாகப் பட்டது. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. காலி வீடு எத்தனையோ பார்த்திருக்கிறார், ஆட்கள் இருக்கிற காலி வீட்டை அன்றுதான் பார்த்தார். ஒரு சாமானும் இல்லை, ஆனாலும் எதுவும் குறையவில்லை. வெயில் மெல்ல அவர்கள்மேல் ஏறி வந்தது. நால்வரும் தூங்கிப்போனார்கள்.

அவர் கண்விழித்தபோது கால்மேல் பாரம் இல்லை. திடுக்கிட்டு மூலையைப் பார்த்தார். சமையலறையை எட்டிப் பார்த்தார். மூலைகள் காலியாக இருந்தன. மீதி வெளிக்கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மனைவியையும் மகளையும் தொட்டு எழுப்பினார். மூவரும் சத்தமில்லாமல் பின்னால் போனார்கள்.

மீதி முதல் படிக்கு முன்னால் போய் நின்றது. முதுகு அவர்கள் பக்கம். வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள், யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவே இல்லை. யாராவது வந்து தூக்குவார்கள் என்று முன்னங்காலை மட்டும் லேசாக உயர்த்தி வைத்துக்கொண்டு கீழே பார்த்து நின்றது.

"அப்பா, எண்ணலப்பா" என்றாள் மகள் கிசுகிசுப்பாக.

ஐம்பத்தாறு வயது மனிதர், மாடிப்படியில் நின்று குழந்தைமாதிரி அழுதார். அழுதுகொண்டே போய் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். முப்பத்துநாலு படியும் அது அவர் தோளில் முகத்தைப் புதைத்தபடியே வந்தது.

தெருவிலும் அப்படியே தூக்கிக்கொண்டு நடந்து, புது வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். இறக்கியதும் மீதி யாருக்காகவும் காத்திருக்காமல் பின்னங்காலை இழுத்துக்கொண்டு அந்த ஒரு படியைத் தாண்டி உள்ளே போய்விட்டது. மூன்று பேரும்தான் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.